என் வலது முழங்கால்

நான் ஹாக்கி ஆடிச் சோறு தின்றவன். சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. ரங்கூனில் அரிசி மில் குமாஸ்தாவாக இருந்தேன் என்றுதான் சொந்தக்காரர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதிலும் பொய் இல்லை. பசுந்தாங் ஓடைக்கரையில் இருந்த ஒரு மில்லில் எனக்கு ஒரு மேஜையும் நாற்காலியும் மசிக்கூடும் உண்டு. ஆனால் என் கையெழுத்தின் அழகைப் பார்த்து யாரும் அந்த மேஜையைக் கொடுத்துவிடவில்லை. மில்லின் ஹாக்கி அணிக்கு அப்போது ஒரு கோல் கீப்பர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இருபதுகளின் தொடக்கம் அது. ஓடையின் இந்தக் கரை முழுக்க மில்கள், எந்தப் பக்கம் திரும்பினாலும் உமிப் புகை. அந்தக் கரையில் தாகேதாப் பக்கம் சேறும் வயலுமாகக் கிடந்தது. எங்கள் மானேஜர் துரைக்கு ஹாக்கிப் பைத்தியம். வேலை கேட்டு வருகிறவனிடம் என்ன படித்திருக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால் என்ன ஆடுவாய் என்று கேட்பார். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவன் ஃபுட்பால் என்றான், வெளியே போகச் சொல்லிவிட்டார். நான் கப்பலிலிருந்து இறங்கி மூன்று வாரம் ஆகியிருந்தது. கூசாமல் ஹாக்கி என்றேன். பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் ஆடுவதை வேலியோரம் நின்று பார்த்ததோடு சரி.

மறுநாளே குட்டு வெளிப்பட்டது. அடிக்கச் சொன்னார்கள். மட்டை பந்தில் படாமல் மண்ணில் பட்டு, கை மணிக்கட்டுவரை விண்ணென்று தெறித்தது. துரை கோபித்துக்கொள்ளவில்லை. என் நீளக் கால்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இரண்டு பேடுகளை எடுத்துவரச் சொன்னார். கால் முன்பக்கம் முழுவதையும் மூடுகிற அந்தப் பஞ்சு மெத்தைகளைக் கட்டிக்கொண்டு கோலுக்குள் போனவன்தான். எட்டு சீசன் நான் வெளியே வரவில்லை.

அணியில் இடம் போனால் மேஜையும் போகும். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை, ஆனால் மில்லில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு முன்னால் கீப்பராக இருந்தவர் விரல்களை முறித்துக்கொண்டார். அவர் உட்கார்ந்த நாற்காலியில்தான் நான் உட்கார்ந்தேன். இருக்கையில் அவர் போட்டிருந்த மெத்தைத் துணிகூட அப்படியே இருந்தது. அதை எடுத்துவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன், பிறகு அதிலேயே உட்கார்ந்து பழகிவிட்டேன்.

தலைமைக் குமாஸ்தா தஞ்சாவூர்க்காரர். கும்பினி வேலைக்கு இப்படி ஆள் எடுப்பதா என்று அவருக்கு ஆற்றாமை. தினமும் காலையில் மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்து, "என்னப்பா கோலி, நேத்து எத்தனை விட்டே?" என்பார். ஒன்றும் விடவில்லை என்றால், "அப்ப சும்மாதான் நின்னியாக்கும். நிக்கிறதுக்குச் சம்பளம்! குடுத்து வெச்சவன்யா நீ" என்பார். மற்ற குமாஸ்தாக்கள் சிரிப்பார்கள். அவர்களுக்கு நான் ஆட்டக்காரன். ஆட்டக்காரர்களுக்கு நான் கீப்பர். கீப்பருக்கென்று ஒரு கூட்டம் எங்கேயும் கிடையாது.

கோலில் நிற்பது எப்படி என்று கேட்டால் ஒன்று சொல்வேன். நம் அணி நன்றாக ஆடுகிற நாளில்தான் கீப்பருக்குத் தனிமை அதிகம். பந்து அந்தக் கோடியில் இருக்கும். ஜனமும் அந்தக் கோடியில் இருக்கும். ஒன்பது பேர் அங்கே கத்திக்கொண்டிருக்க, நான் இங்கே காக்கைகளோடு நிற்பேன். கோல் விழும், கட்டிப்பிடித்துக்கொள்வார்கள். அவ்வளவு தூரம் ஓடிப்போய்க் கலந்துகொள்வதற்குள் ஆட்டம் திரும்பத் தொடங்கிவிடும். முதல் சீசனில் ஒருமுறை ஓடிப் பார்த்தேன். பாதி வழியில் ஊதல் கேட்டு, பேடு தடதடக்கத் திரும்பி ஓடிவந்தேன். ஜனம் வயிறு குலுங்கச் சிரித்தது. அதற்குப் பிறகு நின்ற இடத்திலேயே இரண்டு கையையும் தட்டிக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டேன். கையுறை போட்ட கையைத் தட்டினால் சத்தம் வராது என்பது வேறு விஷயம்.

அந்தத் தனிமையில் எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரே மனிதர் எங்கள் ரைட் பேக். எனக்கு முன்னால் வலப்பக்கம் நின்று காவல் காப்பவர். பர்மாக்காரர், மில்லில் இஞ்சின் ஓட்டுகிறவர், என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். அவரை நான் அகோ என்று கூப்பிடுவேன். பர்மாவில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் என்னை ஞீலே என்பார், தம்பி என்று அர்த்தம். மில் கூலிகளிடம் பழகிக் கொஞ்சம் தமிழ் பேசுவார். ஆட்டத்தில் எங்களுக்குள் இருந்த பேச்சு நாலைந்து வார்த்தைதான். நான் "விடுங்க" என்றால் விலகுவார். "உங்களுது" என்றால் அடிப்பார். ஆட்டம் முடிந்ததும் அவர் ஓடையோரம் வீட்டுக்குப் போவார், நான் மில் லைனில் இருந்த என் அறைக்குப் போவேன்.

ஒருமுறை வீட்டுக்குக் கூப்பிட்டார். மகனைச் சில நாளுக்குத் துறவியாக்கி மடத்தில் விடுகிற சடங்கு, பர்மாக்காரர்கள் அதைக் கல்யாணம்போல் செய்வார்கள். சலவை செய்த சட்டை போட்டுக்கொண்டு புறப்பட்டேன். தெருமுனைவரை போனேன். பந்தலில் மேளம், பட்டு லுங்கிகள், ஜரிகைக் குடைகள், நூறு பேருக்குமேல் சொந்தக்காரர்கள். இத்தனை பேரில் நான் யார் என்று எனக்குத் தோன்றிவிட்டது. திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். மறுநாள் காய்ச்சல் என்று பொய் சொன்னேன். அவர் அன்று மாலையே தேங்காய்ப் பால் சோறும் கோழிக் குழம்பும் ஒரு தூக்கில் அனுப்பியிருந்தார். காய்ச்சல்காரனுக்கு யாராவது கோழிக் குழம்பு அனுப்புவார்களா? பொய்யைக் கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்து, அந்த வாரம் முழுக்க அவர் முகத்தைப் பார்க்காமல் தப்பித்தேன். எதையும் கோணலாக எடுத்துக்கொள்வதில் அப்போதே நான் கெட்டிக்காரன்.

மூன்றாவது சீசனின் கடைசி ஆட்டத்தில் அடி பட்டது. பேடு முன்பக்கத்தைத்தான் காக்கும். பந்து வலது முழங்காலின் உட்பக்கத்தில் வந்து இறங்கியது. அந்தப் பந்து கல் மாதிரி இருக்கும். கண் இருண்டது. விழவில்லை, கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. மறுநாள் முழங்கால் பூசணிக்காய் ஆகியிருந்தது. வீக்கம் ஒரு மாதத்தில் வடிந்தது, கால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நேராக நடப்பேன், நிற்பேன், படியேறுவேன். வலப்பக்கம் பாய்வதற்கு அந்தக் காலில் பாரத்தைப் போட்டால் மட்டும் உள்ளே ஏதோ நழுவும், கால் நின்றுவிடும்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நாற்காலி போய்விடும். நாற்காலி போனால் அறை போகும், அறை போனால் ரங்கூனில் எனக்கு ஒன்றுமே இல்லை. ஊரில் இரண்டு அண்ணன்களோடும் சண்டை போட்டுக்கொண்டு, இனி இந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தவன் நான். ஆகவே மறைத்தேன். முழங்காலில் துணியை இறுக்கச் சுற்றி, யாரும் பார்க்காமல் இருக்க அறையிலேயே பேடைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்கு நடப்பேன். பசுந்தாங்கிலிருந்து மைதானம்வரை பேடோடு ஒருவன் நடந்தால் எப்படி இருக்கும்? ரிக்ஷாக்காரர்கள் நிறுத்திப் பார்ப்பார்கள். கடைத்தெருப் பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொள்வார்கள். துரைக்கு மட்டும் ஒரே சந்தோஷம். என்னைக் காட்டி, இவனைப் பாருங்கள், இவனுக்குத்தான் ஆட்டத்தில் பக்தி என்று மற்றவர்களிடம் சொன்னாராம்.

நாலாவது சீசன் தொடங்கியதும் ரைட் பேக்கின் ஆட்டம் மாறிவிட்டது. முன்பெல்லாம் பந்தோடு நடுமைதானம்வரை போவார். இப்போது போவதே இல்லை. எனக்கு வலப்பக்கமாக, இரண்டு எட்டு முன்னால், முளையடித்ததுபோல் நின்றார். அந்தப் பக்கம் வந்த பந்தையெல்லாம் அவரே அடித்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. துரை கண்ணில் பட வேண்டும் என்று என் பந்தையும் சேர்த்து ஆடுகிறார் என்று நினைத்தேன்.

"அகோ, நகருங்க! பந்து தெரியலே!" என்று கத்துவேன்.

"தெரியுது, தெரியுது" என்பார், திரும்பாமலே. நகர மாட்டார்.

இரண்டு சீசன் இப்படியே போனது. எங்கள் அணி நன்றாகத்தான் ஆடியது. துரை எனக்குத் தோல் கையுறை வாங்கிக் கொடுத்தார். முழங்காலை ஏமாற்ற நான் நன்றாகவே பழகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அறையில் தனியாக உட்கார்ந்து துணியை அவிழ்க்கிறபோது எனக்கு நானே சபாஷ் சொல்லிக்கொள்வேன்.

ஐந்தாவது சீசன் முடிந்து சில நாளில் அவர் என் மேஜைக்கு வந்தார். ஓடையில் மேலே இருந்த வேறொரு மில்லில் அவரைத் தலைமை இஞ்சின்காரராகக் கூப்பிட்டிருந்தார்கள். பெரிய இஞ்சின் என்று கையை விரித்துக் காட்டினார். சந்தோஷம் என்றேன். போகாமல் நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டு, என் மேஜைக்கடியில் நீட்டியிருந்த வலது காலைப் பார்த்தார்.

"ஞீலே, புது ஆளுகிட்டே சொல்லு. வலது பக்கம் நிக்கச் சொல்லு. மேலே போகக் கூடாது, நிக்கச் சொல்லு."

"எதுக்கு?" என்றேன்.

"கால் பார்த்துக்கோ" என்றார். என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

அந்த இடத்தில் எந்த மனிதனுக்கும் என்ன தோன்ற வேண்டும்? இரண்டு வருடம் இந்த ஆள் வாயைத் திறக்காமல் என் வலப்பக்கத்தைச் சுமந்திருக்கிறார், நான் அவரை நகரச் சொல்லிக் கத்தியிருக்கிறேன் என்று தோன்ற வேண்டும். எழுந்து பின்னாலேயே ஓடியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது வேறு. இவருக்குத் தெரிந்திருக்கிறது, இவர் எதிர் அணிக்குப் போகிறார். அன்று மாலைவரை ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பத் தப்பாகக் கூட்டினேன்.

புதிதாக வந்த ரைட் பேக் ரயில்வேக்காரர் வீட்டு ஆங்கிலோ இந்தியப் பையன், வேகமான கால். வலப்பக்கமே நில் என்றால் ஏன் என்று கேட்டான். காரணம் சொல்ல முடியாது. தோளைக் குலுக்கிவிட்டு நடுமைதானத்துக்கு ஓடினான். ஆறாவது சீசனில் வலப்பக்கமாக என்னைத் தாண்டிய பந்துகள் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கின்றன. சேறு, வெயில் கண்ணில் பட்டது, பந்து கல்லில் பட்டுத் திரும்பியது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு சொன்னேன். தலைமைக் குமாஸ்தா கேலி செய்வதைக் குறைத்துக்கொண்டார். அதுதான் எனக்கு அதிகப் பயத்தைக் கொடுத்தது.

அரையிறுதியில் அகோவுடைய புது மில்லோடு மோத வேண்டி வந்தது. ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே எனக்குச் சோறு இறங்கவில்லை. பத்துப் பேரையும் உட்கார்த்தி வைத்து, அவன் வலது கால் செத்த கால், அங்கேயே அடியுங்கள் என்று அவர் சொல்லிக்கொடுப்பது என் கண்முன்னால் தெரிந்தது. அவர் இடத்தில் நான் இருந்தால் சொல்லியிருப்பேன். மைதானத்தில் என்னைப் பார்த்ததும் அவர் கையைத் தூக்கினார். நான் பேடு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

ஆட்டம் தொடங்கியது. வலப்பக்கமாகவே காத்துக்கொண்டிருந்தேன். ஒரு பந்துகூட அங்கே வரவில்லை. எதிர் அணியில் யாருமே குறிவைத்து அந்தப் பக்கம் அடிக்கவில்லை. இடப்பக்கமும் நேராகவும் வந்தவற்றை இடது காலால் தட்டிவிட்டேன். நியாயமாகப் பார்த்தால் எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். என் புத்தி வேறு வழியில் ஓடியது. கடைசி நேரத்துக்கென்று மிச்சம் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இரு பக்கமும் கோல் இல்லை. ஆட்டம் முடியச் சில நிமிடம் இருக்கும்போது அவர்கள் அடித்த பந்து ஒன்று எங்கள் பையனுடைய மட்டையில் பட்டுத் திசை மாறி என் வலப்பக்கம் உருண்டது. யாரும் குறி வைக்காத பந்து, வேகமும் இல்லை. வலது காலை வைத்தேன், கால் நின்றுவிட்டது. வேறு வழி தெரியாமல் பந்தின்மேல் விழுந்து வயிற்றுக்கடியில் அமுக்கிக்கொண்டேன். பந்தின்மேல் படுப்பது ஆட்டத்தில் குற்றம், நடுவர் ஊதினார். பெனால்டி புல்லி.

அந்த நாளில் இதைவிடப் பெரிய தண்டனை ஆட்டத்தில் கிடையாது. தப்புச் செய்தவனும் எதிர் அணியில் ஒருவனும் கோலுக்கு ஐந்து கஜம் முன்னால் பந்துக்கு இரண்டு பக்கமும் நிற்க வேண்டும். மற்ற இருபது பேரும் இருபத்தைந்து கஜக் கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். இருவரும் தரையை ஒரு தட்டு, எதிராளி மட்டையை ஒரு தட்டு, இப்படி மூன்று முறை தட்டியதும் பந்து யாருக்குக் கிடைக்கிறதோ அவனுக்கு. கோல் காலியாகக் கிடக்கும், காப்பதற்கு அந்த ஒருவனைத் தவிர வேறு ஆள் கிடையாது.

எல்லோரும் விலகிப் போனார்கள். அவர்களுடைய கேப்டன் ஒரு முன்கள ஆளைக் கைகாட்டினார். அப்போது பின்னாலிருந்து ஒருவர் ஓடிவந்து கேப்டனிடம் ஏதோ சொல்லி, தானே போகிறேன் என்று மார்பைத் தொட்டுக் காட்டினார். எங்கள் பழைய ரைட் பேக். வருகிறார் பார், மிச்சம் பிடித்ததைச் செலவழிக்க வருகிறார் என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

எதிரில் வந்து நின்றார். இத்தனை வருடத்தில் ஆட்டத்தின் நடுவே அவர் முகத்தை இவ்வளவு கிட்டத்தில் நான் பார்த்ததில்லை. "ஞீலே" என்றார், மெதுவாக. நான் மட்டையைத் தரையில் வைத்தேன். மட்டைகள் மோதின. ஒன்று, இரண்டு, மூன்று. நான் பந்துக்குப் போகவே இல்லை. கோலுக்குப் பின்வாங்கி, பாய்வதற்கு வராத காலைப் பாய வைக்காமல், முன்கூட்டியே வலப்பக்கம் போய் நின்றுகொண்டேன். அங்கேதான் அடிப்பார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

அவர் என் இடப்பக்கம் அடித்தார். விட்டுக்கொடுத்த அடி இல்லை, நல்ல அடி. ஆனால் என் இடது கால் இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு நேராக அடித்தார். அன்று முழுக்க அந்தக் காலால் அதே மாதிரிப் பந்துகளைத்தான் தடுத்துக்கொண்டிருந்தேன். நான் அங்கே இல்லை. பந்து கோலுக்குள் இருந்த பலகையில் மோதி நின்றது.

தூரத்தில் கூச்சல் எழுந்தது. எல்லோரும் ஓடிவர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. அவர் மட்டையைத் தூக்கவில்லை. காலியாக இருந்த இடப்பக்கத்தைப் பார்த்தார். பிறகு நான் நின்ற இடத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"நான் சொல்லிட்டேன்னு நெனச்சியா, ஞீலே?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பொய் எனக்கு ஒன்றும் புதிதல்ல. என்னவோ அன்று உண்மை வந்துவிட்டது.

"ஆமா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குள் அவருடைய ஆட்கள் வந்து அவரைத் தூக்கிக்கொண்டார்கள்.

துரை என்னைத் திட்டவில்லை. பெனால்டி புல்லியில் எந்தக் கீப்பரும் தோற்பான் என்று முதுகில் தட்டினார். நாற்காலி போகவில்லை, அறையும் போகவில்லை. இன்னும் இரண்டு சீசன் கோலில் நின்றேன். அந்த இரண்டு சீசனிலும் அவருடைய மில்லோடு நாலு முறை ஆடினோம். நாலு முறையும் என் வலப்பக்கம் யாரும் குறிவைத்து அடிக்கவில்லை. ஆட்டம் முடிந்து இரண்டு அணியும் கைகொடுக்கிறபோது அவர் எல்லோரிடமும் இரண்டு வார்த்தை பேசுவார், சிரிப்பார். என் கையையும் பிடித்துக் குலுக்கிவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்தவரிடம் போய்விடுவார்.